ரீச்சரிட்டக் கேளுங்க: பெயின்ற், பிரஷ், பிறகு அந்த வடக்கு யன்னல்

இந்த முறை வந்த கடிதமெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு, எல்லாரும் படம் கீறுற சாமான் பத்தித்தான் கேட்டிருக்கிறீங்க. எனக்குச் சரியான சந்தோசம். பள்ளிக்கூடத்தில சித்திரப் பாடம் படிப்பிச்ச காலத்தில கையில இருக்கிற பிரஷ்ஷப் பத்திக் கேட்ட புள்ளைகள் கொஞ்சப் பேர்தான், எல்லாரும் என்ன கீறுற எண்டுதான் கேப்பாங்க, எதால கீறுற எண்டு கேக்க மாட்டாங்க. அதால இடம் போனாலும் பரவாயில்ல எண்டு கொஞ்சம் நீட்டித்தான் எழுதியிருக்கன்.

ரீச்சர், ஏ.எல் முடிச்சிட்டன். அம்மா சீட்டுக் காசில பதினஞ்சாயிரம் தந்து பெயின்ற் வாங்கு எண்டு சொல்லியிருக்கா. கடையில 24 கலர் அக்றிலிக் பெட்டி ஒண்டு பாத்தன், அதோட 12 பிரஷ் சும்மா குடுக்கிறாங்களாம். வாங்கட்டா? (வாசகி, கல்லடி)

வாங்காதீங்க தங்கச்சி. அம்மா மாசாமாசம் கட்டி எடுத்த சீட்டுக் காசு, அது சுண்டு விரல் அளவு ரியூப்புக்குள்ள போகக் கூடாது. அந்தப் பெட்டியில 24 ரியூப் இருக்கும், அதில வெள்ளையும் மத்ததுகள்ற அளவிலதான் இருக்கும், ஆனா நீங்க எந்தப் படம் கீறினாலும் வெள்ளைதான் முதல்ல முடியும், ரெண்டாம் படத்தோட வெள்ளை காலி, மறுகா வயலட்டும் பச்சையில நாலு வகையும் அப்படியே கிடந்து காயும்.

ரியூப்பத் திருப்பி அதின்ர பின்பக்கத்தப் பாருங்க. நல்ல கம்பனி எண்டா சின்ன எழுத்தில ஒரு குறியீடு போட்டிருப்பான், பி.பி.29, பி.ஆர்.254 எண்டு. அதுதான் உள்ளுக்க இருக்கிற நிறப்பொடியின்ர உண்மையான பேர். முன்னுக்குப் பெரிசா எழுதியிருக்கிற பேரக் கம்பனிக்காரன் விருப்பத்துக்கு வைப்பான், ஒரு கம்பனியின்ர கிரிம்சனும் இன்னொரு கம்பனியின்ர கிரிம்சனும் வேற வேற சாமானா இருக்கும். பேருக்குப் பின்னால 'ஹியூ' எண்டு கிடந்தா, அந்தப் பேருக்குரிய பொடி இல்லாம அதே நிறம் வாற வேற பொடியால செய்தது எண்டு விளங்கிக் கொள்ளுங்க. ஹியூ எல்லாம் கூடாது எண்டில்ல, என்ன பொடி எண்டு பாத்து வாங்கணும், அவ்வளவுதான்.

இத நான் பட்டுத்தான் படிச்சன். 19 வயசில ஒரு செவ்வரத்தம்பூப் படம் கீறினன், பூவுக்கு முழுக்க முழுக்க அலிசரின் கிரிம்சன், அப்ப எனக்கு அத விட வடிவான சிவப்பு இந்த உலகத்தில இல்ல. அதக் கொண்டு போய் ஒரு மண்டபத்தில யன்னலுக்கு நேர மாட்டினாங்க. நாலு வருசத்தால போய்ப் பாத்தா இலையெல்லாம் அப்படியே பச்சையா நிக்குது, பூ மட்டும் அரிசி கழுவின தண்ணி மாதிரி வெளிறிக் கிடக்கு. அலிசரின் கிரிம்சன், பி.ஆர்.83, வெளிச்சத்தில நிக்காத நிறம் எண்டு பிறகுதான் எனக்குத் தெரிய வந்திச்சு, அதுவும் நான் வெள்ளை கலந்து இளஞ்சிவப்பாக்கிப் பூசினதால இன்னும் கெதியாப் போயிருக்கு. அதால ரியூப்பில வெளிச்சத்துக்கு நிக்கிற தரம் போட்டிருக்கா எண்டும் பாருங்க. ஏ.எஸ்.ரி.எம் எண்ட தர முறையில 1ம் 2ம் நல்லது, 3ம் அதுக்கு மேல உள்ள எண்ணும் வேணாம். சில கம்பனி நட்சத்திரமாப் போடுவான், அதில கூட நட்சத்திரம் நல்லம்.

அப்ப என்ன வாங்குறது. வெள்ளை ஒரு பெரிய ரியூப், 200 மில்லி கிடைச்சா அதையே எடுங்க, டைட்டானியம் வெள்ளை, பி.டபிள்யூ.6. நீலத்தில ரெண்டு, ஒண்டு அல்ட்ராமரின் பி.பி.29, மத்தது தாலோ நீலம் பி.பி.15. இந்தத் தாலோவக் கவனமாத் தொடுங்க, ஊசி முனையளவு போட்டாலே கலக்கிற பலகை முழுக்க நீலமாப் போயிரும். மஞ்சளில ஒண்டு பளிச்செண்டு, பி.வை.74 இல்லாட்டி பி.வை.154, இன்னொண்டு யெல்லோ ஓக்கர், பி.வை.42 இல்லாட்டி 43. சிவப்பில பி.ஆர்.254 ஒண்டு, என்ட செவ்வரத்தம்பூவுக்கு நான் அப்பவே வாங்கியிருக்க வேண்டிய குவினாக்ரிடோன் ரோஸ் பி.வி.19 ஒண்டு. கடைசியாப் பேர்ன்ற் சியன்னா. வெள்ளையத் தவிர ஏழு ரியூப். கறுப்பு வேணாம், அல்ட்ராமரினும் பேர்ன்ற் சியன்னாவும் சேர்த்தா நல்ல ஆழமான கறுப்பு வரும், கொஞ்சம் வெள்ளை விட்டா மாரி கால வானத்தின்ர சாம்பல் அப்படியே வரும்.

அல்ட்ராமரின் பத்தி ஒண்டு சொல்லாம விட மனமில்ல. ஒரு காலத்தில அத ஆப்கானிஸ்தான் மலையில வெட்டி எடுத்த கல்ல அரைச்சுத்தான் செய்தாங்க, தங்கத்துக்குச் சமமா விலை போனது. 1824ல பிரான்சில ஒரு சங்கம், இத மலிவாச் செய்யிறவருக்குப் பரிசு எண்டு அறிவிச்சு, 1828ல கிமே எண்டவருக்கு அந்தப் பரிசு போச்சு. அதுக்குப் பிறகு எவ்வளவு மலிஞ்சது எண்டா, நம்மட அம்மம்மா ஆக்கள் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலக்கட்டியில இருந்ததும் இதே அல்ட்ராமரின்தான். இண்டைக்கும் நல்ல தரத்தில வாங்கினாலும் மலிவான நீலங்கள்ல அதுவும் ஒண்டு.

'ஸ்கின் கலர்' எண்டு ஒரு ரியூப் காட்டுவாங்க, அதையும் வாங்காதீங்க. அது வெள்ளைக்காரர்ர கன்னத்துக்குச் செய்த ரோசா நிறம். உங்கட அம்மாட முகத்தக் கீற ஓக்கர், பேர்ன்ற் சியன்னா, கொஞ்சம் பி.வி.19, நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரின், இவ்வளவும் போதும். வெயில் படுற நெத்தியில ஓக்கர் கூட வரும், கழுத்துக்குக் கீழ நீலம் கூட வரும், பாத்துப் பாத்துக் கலக்கணும். சிகிரியாவில 5ஆம் நூற்றாண்டில கீறின அந்தப் பெண்கள்ற உடம்பெல்லாம் மஞ்சள் மண், சிவப்பு மண், பச்சை மண் வச்சுக் கீறினதுதான், இண்டைக்கும் நிக்குது. மண் நிறம் வெளிறாது.

மிச்சக் காசில மூண்டு நல்ல பிரஷ், கொஞ்சம் நல்ல கன்வஸ். அந்த 12 பிரஷ் சும்மா வந்தாலும் வேணாம், மயிர் கொட்டிக் காயிற பெயின்றில ஒட்டும், அத நகத்தால நுள்ளி எடுத்து எடுத்தே படம் கெட்டுப் போகும்.

வீட்டுப் பின்பத்தியில ஒரு அறைய ஒதுக்கி வரையிற இடமாக்கப் போறன். படிச்ச புத்தகமெல்லாம் வடக்கு யன்னல் வேணும் எண்டு சொல்லுது. என்ட அறைக்கு வடக்கிலயும் மேற்கிலயும் சுவர் வெளிக்கு இருக்கு. எந்தப் பக்கம் உடைக்கிற? சீற் கூரைதான். (வாசகர், ஆரையம்பதி)

ஐயா, சுவர உடைக்க முந்தி கேட்டது நல்லம்.

வடக்கு யன்னல் எண்டு எழுதினவங்க லண்டன், பாரிஸ் பக்கம் இருந்து எழுதினவங்க. அங்க சூரியன் வருசம் முழுக்க மத்தியானத்தில தெற்கிலதான் நிக்கும், வடக்கு யன்னலால பகல் பொழுதில வெயில் கீற்று உள்ளுக்க வராது, வானத்து வெளிச்சம் மட்டும் ஒரே மாதிரி வரும், அதான் அவங்களுக்கு அது பொன் மாதிரி. நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு வடக்க ஏழே முக்கால் பாகையில. ஏப்ரல் 10 அளவில சூரியன் நம்மட உச்சந்தலைக்கு மேலால வடக்க போகும், செப்டம்பர் முதல் கிழமைதான் திரும்பித் தெற்க வரும். அப்ப கிட்டத்தட்ட அஞ்சு மாசம், அதுவும் நல்ல வெயில் மாசம் அஞ்சும், சூரியன் உங்கட வடக்கு யன்னல் பக்கம்தான் நிக்குது. புத்தகத்த நம்பி உடைச்சா யூன் மாசம் காலையில வடகிழக்கால சரிஞ்ச வெயில் வந்து உங்கட கன்வஸ்ஸில விழும்.

ஆனாலும் வடக்கையே உடைங்க. ஏனெண்டு சொல்லுறன். யூன் 21ல கூட மத்தியானச் சூரியன் உச்சியில இருந்து 16 பாகை அளவுதான் வடக்க சாயும். யன்னல் 4 அடி உயரமெண்டா, யன்னல் தலைப்போட சேர்த்து ஒண்டேகால் அடி தாவாரம் வெளிய நீட்டினாலே அந்த மத்தியான வெயில் முழுக்க மறைஞ்சிரும். இதே யன்னலத் தெற்கில வச்சீங்களெண்டா மார்கழியில சூரியன் 31 பாகை சாயும், ரெண்டரை அடி தாவாரம் வேணும். மிச்சம் காலையிலயும் பின்னேரமும் பக்கத்தால வாற வெயில்தான், அதுக்கு யன்னல்ற ரெண்டு பக்கமும் வெளியால நிமித்தி ஒரு கிடுகுத் தட்டியோ பலகையோ வச்சா போதும். அதுவும் ஏலாட்டி வெள்ளை வேட்டித் துணி ஒண்டக் கட்டி விடுங்க, வெயில் துணியில பட்டு மெதுவா உள்ளுக்க வரும், அந்த வெளிச்சத்தில முகம் கீறிப் பாருங்க, அவ்வளவு நல்லா இருக்கும்.

மேற்க உடைக்கவே உடைக்காதீங்க. ஆரையம்பதியில உங்களுக்கு மேற்க வாவிதானே, பின்னேரம் வெயிலும் வரும், தண்ணியில பட்டுத் தெறிக்கிற மினுக்கமும் வரும், கச்சான் காத்துக் காலத்தில புழுதியும் சூடும் அந்தப் பக்கத்தாலதான் வந்து ஈரப் பெயின்றில ஒட்டும். மேற்கில காத்துப் போக மேல ரெண்டு கல்லு எடுத்த மாதிரி ஒரு துவாரம் விட்டா காணும்.

யன்னலுக்கு வெளிய மாமரம் நிண்டா அதையும் பாருங்க. வெட்டச் சொல்லல்ல. ஆனா இலையில பட்டு வாற வெளிச்சம் பச்சையா இருக்கும், அதுக்குள்ள இருந்து கலக்கிற சிவப்பெல்லாம் வெளிய கொண்டு வந்து பாத்தா கூடப் போயிருக்கும். சுவர் நிறமும் அப்படித்தான், நம்மட வீடுகள்ல விருப்பமாப் பூசுற ரோசும் பச்சையும் வரையிற அறைக்குச் சரி வராது, மங்கல் வெள்ளையோ இளஞ்சாம்பலோ பூசுங்க. சீற் கூரை எண்டபடியா கீழ ஒரு சீலிங் கட்டாயம் அடிங்க, ரெண்டு மணிக்குப் பிறகு அந்தச் சூட்டுக்குள்ள நீங்களும் இருக்க ஏலாது, அக்றிலிக்கும் பலகையிலயே தோல் கட்டிப் போகும்.

இரவு லைற்றுக்கு பல்ப் பெட்டியில சீ.ஆர்.ஐ இல்லாட்டி ஆர்.ஏ எண்டு ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சம் நிறத்த எவ்வளவு சரியாக் காட்டும் எண்டதுக்கு, 90க்கு மேல இருக்கிறத எடுங்க, சாதாரண பல்ப் 80 அளவில நிக்கும், அதில சிவப்பு செத்துத் தெரியும். வெளிச்ச நிறம் 5000 கெல்வின் கிடைச்சா நல்லம். ஒண்டுக்கு ரெண்டு பல்ப், ரெண்டும் ஒரே மாதிரி, ஒண்டு கன்வஸ்ஸுக்கு, ஒண்டு கலக்கிற பலகைக்கு. கன்வஸ்ஸில பகல் வெளிச்சமும் பலகையில மஞ்சள் பல்ப்பும் பட்டா நீங்க எவ்வளவு கெட்டிக்காரர் எண்டாலும் நிறம் பிழைக்கும்.

கடல் கிட்ட எண்டபடியா கன்வஸ் அடிக்கிற ஆணி, ஸ்டேப்பிள் எல்லாம் துருப்பிடிக்காததா வாங்குங்க. இரும்பு ஆணி ரெண்டு மாரியில துருப்பிடிச்சு ஓரத்தால பழுப்பாக் கசியும்.

ரீச்சர், ஒயில் பெயின்றுக்கு ஹொக் பிரஷ்தான் நல்லம் எண்டு சொல்லுறாங்க. ஹொக் எண்டா பண்டிதானே? நான் பாவிக்க விருப்பமில்ல. வேற என்ன இருக்கு? (தம்பி, காத்தான்குடி)

ஓம் தம்பி, ஹொக் பிரிசில் எண்டா பண்டி மயிர்தான். பெட்டியில 'பிரிசில்' எண்டு மட்டும் போட்டிருந்தாலும், 'சுங்கிங்' எண்டு போட்டிருந்தாலும் அதுதான், சீனாவில அந்தப் பக்கத்தில இருந்து வந்த மயிருக்குப் பேர் எடுத்த சொல் அது. நிறம் ஒரு மாதிரி வெண்மஞ்சளா, நுனி ரெண்டு மூண்டாப் பிரிஞ்சிருக்கும். சிந்தெற்றிக் நுனி ஊசியாட்டம் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது கெட்டியான சிந்தெற்றிக் பிரிசில். மெல்லிசான பொன்னிற நைலோன் பிரஷ்ஷ எடுத்திட்டு இது ஒயிலத் தள்ளுதில்லையே எண்டு கவலைப்படாதீங்க, அது வோட்டர் கலருக்குச் செய்தது. ஒயிலுக்கும் தடிச்ச அக்றிலிக்குக்கும் எண்டு கெட்டியா வாற வகை தனியா இருக்கு. கடையில பிரஷ்ஷ உள்ளங்கையில வச்சு மடக்கிப் பாருங்க, விட்ட உடன நிமிரணும். உண்மையச் சொன்னா நம்மட ஊருக்கு ஹொக்க விட இதுதான் எனக்கும் பிடிச்சது, மயிர் தண்ணியில ஊறிச் சொதசொதத்துப் போகும், நைலோன் போகாது.

பிரஷ் மட்டுமில்ல, நீங்க இத யோசிக்கிறவர் எண்டபடியா மத்ததையும் சொல்லி வைக்கிறன். ஐவரி பிளக், போன் பிளக் எண்ட கறுப்பு, பி.பிகே.9, மிருக எலும்பை எரிச்சுச் செய்யிறது, அதுக்குப் பதிலா மார்ஸ் பிளக் பி.பிகே.11, அது இரும்பு ஒட்சைட். விலை கூடின வோட்டர் கலர்ப் பேப்பர் சிலதில ஜெலற்றின் பூசியிருப்பாங்க, பழைய முறையில கன்வஸ்ஸுக்குப் பூசுற பசை முயல் தோலில செய்யிறது. எது கூடும் எது கூடாது எண்டத உங்கட மௌலவியிட்டக் கேட்டுக் கொள்ளுங்க, எதுக்குள்ள என்ன இருக்கு எண்டது மட்டும்தான் நான் சொல்லுறது. முயல் தோல் பசைய நான் ஆருக்கும் சொல்ல மாட்டன், அது காத்தில இருக்கிற ஈரத்தக் குடிச்சுக் குடிச்சு மாரிக்குத் தொய்ஞ்சு கோடைக்கு இறுகும், மேல இருக்கிற ஒயில் வெடிச்சுப் போகும். அக்றிலிக் ஜெஸ்ஸோ எண்ட அடிப்பூச்சு ரெண்டு மூண்டு தரம், அதுவே காணும்.

வடிவத்தில மூண்டு போதும் தம்பி. ஒரு அங்குல அகலத்தில தட்டை, நடு அளவில ஓரம் உருண்ட பில்பேர்ட், கோடு இழுக்க ஒரு நீட்டு மெல்லிசு. விசிறி பிரஷ் வாங்கிக் காசக் கரைக்காதீங்க.

வோட்டர் கலர்ப் பெட்டியத் திறந்தா உள்ளுக்க சாம்பல் நிறத்தில பூஞ்சணம். பேப்பர்லயும் பழுப்புப் புள்ளி. ஒவ்வொரு மாரிக்கும் இதே கதை. (வாசகி, திருக்கோவில்)

வோட்டர் கலர்ற பசை பிசின், வேலம் பிசின் வகை, அதில தேனோ கிளிசரினோ கலந்திருக்கும், பேப்பர்ல மாப்பசையோ ஜெலற்றினோ. பூஞ்சணத்துக்கு இத விட நல்ல சாப்பாடு கிடைக்குமா. ஈரத்தோட மூடி வச்சா வரும்தான்.

கீறி முடிஞ்ச உடன பெட்டிய மூடாதீங்க, ஒரு இரவு திறந்தபடி வலை மூடியால கவிட்டு வைங்க, பிறகு மூடுங்க. ஏற்கனவே வந்த பூஞ்சணத்த வெளிய கொண்டு போய், மூக்கக் கட்டிக்கொண்டு, மேல் தட்டக் கத்தியால சுரண்டிப் போட்டு, மருந்துக் கடையில வாங்குற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டப் பஞ்சில தொட்டுத் துடைங்க. கலர் பழுதில்ல, பாவிக்கலாம். பேப்பர்ல வந்த பழுப்புப் புள்ளி போகாது, அது உள்ளுக்க இறங்கிட்டுது, அந்தப் பேப்பரச் சும்மா கீறிப் பழகப் பாவியுங்க.

பேப்பர வெளிச்சுவரோட சாத்தி வைக்காதீங்க, அந்தச் சுவர் மாரிக்கு வேர்க்கும். தரையில இருந்து உயரத்தில, இறுக்கமா மூடுற பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள, சிலிக்கா ஜெல் பைக்கற்றோட. நிறம் மாறுற சிலிக்கா கிடைச்சா நல்லம், ஈரம் குடிச்ச உடன நிறம் மாறும், அடுப்புச் சூட்டில மெல்லமா வறுத்தெடுத்துத் திரும்பப் போடலாம். நான் ஒவ்வொரு வருசமும் சரஸ்வதி பூசைக்குத்தான் இதச் செய்யிற, பிரஷ்ஷும் பெட்டியும் எப்படியும் பூசைக்கு வெளிய வருமே, விஜயதசமியண்டு திரும்ப அடுக்கேக்க எல்லாத்தையும் துடைச்சுக் காய வச்சு அடைச்சா வாற மாரிக்குச் சரியா இருக்கும்.

சுவருக்குப் பூசுற எமல்சன் வாளி வீட்டில மிச்சம் கிடக்கு. கன்வஸ்ஸில கீறலாமா? (தம்பி, ஏறாவூர்)

பழகுறதுக்கு ஹாட்போர்ட்ல தாராளமாக் கீறுங்க. கூத்துக்கு, பள்ளிக்கூட மேடைக்குத் திரை கீறுறதுக்கும் அதுதான் சரி. ஆனா வச்சிருக்கப் போற படத்துக்கு வேணாம், சுவர் பெயின்றில சுண்ணாம்புத் தூள் கூட, பசை குறைவு, சுருட்டின கன்வஸ்ஸில வெடிச்சுக் கொட்டும். ஒயிலுக்கு அடிப்பூச்சாவும் வேணாம்.

மகன் ஓ.எல் படிக்கிறான். படுக்கிற அறைக்குள்ளயே ஒயில் பெயின்ற், ரேப்பன்ரைன். பிள்ளைக்குத் தலையிடி, வீடு முழுக்க மணம். நிப்பாட்டச் சொன்னா அழுறான். (தாய், களுவாஞ்சிகுடி)

நிப்பாட்டாதீங்கம்மா, ஆனா அந்த அறைய விட்டு இண்டைக்கே வெளிய எடுங்க. தலையிடி அந்த ரேப்பன்ரைன் ஆவியாலதான் வரும், அதுக்குள்ள படுக்கவே கூடாது. ஹாட்வெயார்க் கடையில தின்னர் எண்டு விக்கிறது இன்னும் மோசம், அது மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்கிறதுக்கு, அத வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க.

தம்பியிட்ட இதச் சொல்லுங்க, ரேப்பன்ரைன் இல்லாமலும் ஒயில் கீறலாம். பிரஷ் கழுவ முதல்ல பழந்துணியால நல்லாத் துடைச்சு, மறுகா கொஞ்சம் தேங்காயெண்ணையில அலசித் துடைச்சு, கடைசியாச் சவுக்காரம் போட்டு உள்ளங்கையில தேச்சுக் கழுவினா சரி, நுரை வெள்ளையா வாற வரைக்கும். விரலால நுனியக் கூராக்கி, படுக்க வச்சுக் காய விடணும், நிமித்தி வச்சா தண்ணி தகரப் பிடிக்குள்ள இறங்கி மயிர் கழண்டு போகும். தேங்காயெண்ணை கழுவ மட்டும்தான். பெயின்றோட கலந்திராதீங்க, அது எந்தக் காலத்திலயும் காயாது. ஒயில் பெயின்ற் காயிறது ஆளி விதை எண்ணெய், அதான் லின்சீட், காத்தில இருக்கிற ஒட்சிசன இழுத்துக் கெட்டியாகிறதாலதான், தேங்காயெண்ணைக்கு அந்தக் குணம் இல்ல.

இனிச் சொல்லுறது முக்கியமானது. அந்த லின்சீட் துடைச்ச துணியக் கசக்கி மூலையில எறிய வேணாம். ஒட்சிசன இழுக்கேக்க சூடு பிறக்கும், கசங்கின துணிக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறி ஏறித் தானாவே நெருப்புப் பத்தும், நெருப்புக்குச்சி தேவையில்ல. சும்மா வெருட்டக் கதைக்கல்லம்மா, தச்சு மடுவங்களே இப்படி எரிஞ்சிருக்கு. துணிய விரிச்சு வளவுக்க வேலியில தனித்தனியாக் காய விடுங்க, இல்லாட்டி மூடியுள்ள தகரத்தில தண்ணி விட்டு அதுக்குள்ள அமத்துங்க. ரேப்பன்ரைன் வச்சே ஆகணும் எண்டா சோடாப் போத்தல்ல ஊத்தி வைக்காதீங்க, சின்னப் பிள்ளைகள் தண்ணி எண்டு குடிச்சிரும்.

கீறின படத்தக் கட்டிலுக்குக் கீழ தள்ளி வைக்கவும் வேணாம். இருட்டுக்குள்ள ஒயில் மஞ்சளாகும், வெளிச்சத்தில வச்சா திரும்பத் தெளியும். முன் விறாந்தைச் சுவர்ல மாட்டி விடுங்க, அவனுக்கும் சந்தோசமா இருக்கும்.

அம்பாறைப் பக்கம், கன்வஸ் வச்சுக் கீறுற ஈசல் ஸ்ராண்ட் எங்க வாங்கலாம்? (வாசகர், கல்முனை)

வாங்காதீங்க, உங்கட ஊர்த் தச்சாசாரியிட்டச் செய்விங்க. கனமான தேக்கு வேணாம், காஞ்ச இலேசான மரம் போதும். ஆனா ஒரு விசயம், முன்னுக்குச் சரிக்கக் கூடிய மாதிரிச் செய்யச் சொல்லுங்க, மேல இருந்து விழுற வெளிச்சத்தில ஒயில் மினுங்காம இருக்க கன்வஸ் உங்கட பக்கம் கொஞ்சம் சாயணும். கடையில வாற இலேசான மூண்டுகால் ஈசல் கனக்க அப்படிச் சாயாது.

வாவிக்கரையில இருந்து அக்றிலிக்கில கீறப் பாக்கன். கச்சான் அடிக்க அடிக்க பலகையிலயே காஞ்சு போகுது. கண்டல் பச்சையும் பிளாஸ்ரிக் மாதிரி வருது. வீட்ட கொண்டு வந்தா படம் இருட்டாக் கிடக்கு. (வாசகர், வாழைச்சேனை)

மூண்டும் மூண்டு நோய் மகன்.

அக்றிலிக்கில இருக்கிற தண்ணி போனா அது காஞ்சது, அவ்வளவுதான், கச்சான் அந்தத் தண்ணிய வாயால ஊதிக் குடிச்சிரும். மூடியுள்ள தட்டையான சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு எடுங்க, அடியில பழைய பருத்தித் துணிய நாலா மடிச்சு நல்லா நனைச்சு வைங்க, அதுக்கு மேல கேக் சுடுறதுக்கு வைக்கிற பேப்பர விரிச்சு அதுக்கு மேல பெயின்றப் பிதுக்குங்க. கீழ இருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், மூடி வச்சா அடுத்த நாளும் ஈரமாவே இருக்கும். முதுகக் காத்துக்குக் குடுத்து இருங்க. அதோட கச்சான் மாசத்தில விடிய ஆறு மணியில இருந்து எட்டரை வரைக்கும்தான் கீறுங்க, அந்த நேரம் தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும், வானம் அப்படியே அதில கிடக்கும். பிறகு காத்து எழும்பினா தண்ணியின்ர நிறமே வேற. ஈசல்ற நடுவில ஒரு பையில மண் நிரப்பித் தொங்க விடுங்க, இல்லாட்டி படம் வாவிக்குள்ள போகும்.

பச்சைய ரியூப்பில இருந்து நேரா எடுத்துப் பூசினா பிளாஸ்ரிக்தான். கண்டல் இலையக் கிட்டப் போய்ப் பாருங்க, அதில மஞ்சளும் பழுப்பும் இருக்கு, வேர்ப்பக்கம் கறுப்புக்குக் கிட்ட. அல்ட்ராமரினையும் ஓக்கரையும் கலந்தா மங்கலான ஒலிவ் பச்சை வரும், அதுதான் தூரத்துக் கண்டல். வெயில் படுற இலைக்கு பி.வை.74ல ஒரு துளி தாலோ, அது கத்தும், உடன பேர்ன்ற் சியன்னா கொஞ்சம் விட்டு அத அடக்குங்க. அடியில இருக்கிற இருட்டுக்குத் தாலோவும் பேர்ன்ற் சியன்னாவும் மட்டும். தண்ணிக்கு ஒரே நீலம் எண்டு நினைக்காதீங்க, மாரி வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டுற நாளில வாவி பால்தேத்தண்ணி நிறத்தில ஓடும், அத நீலமாக் கீறினா நம்மட ஊர் ஆக்களே இது எந்த ஊர் எண்டு கேப்பாங்க.

இருட்டாப் போறதுக்கு ரெண்டு காரணம். அக்றிலிக் ஈரமா இருக்கேக்க பசை பால் மாதிரி வெளிறி இருக்கும், காஞ்ச உடன தெளிஞ்சு நிறம் ஒரு படி இருட்டாகும், அதுக்குக் கொஞ்சம் கூடவே வெளிச்சமாக் கலக்கணும். மத்தது நீங்க கன்வஸ்ஸ வெயிலுக்க வச்சுக் கீறியிருக்கிறீங்க. நல்ல வெயில்ல எந்த இருட்டு நிறமும் வெளிச்சமாத் தெரியும், நீங்க அத நம்பி இன்னும் இருட்டாப் பூசுவீங்க, வீட்டுக்குள்ள வந்தா ஒண்டும் தெரியாது. கன்வஸ்ஸையும் பலகையையும் ரெண்டையும் நிழலுக்க வைங்க. மரம் இல்லாட்டிக் குடை, சிவப்பு நீலக் குடை வேணாம், அந்த நிறம் படம் முழுக்க இறங்கும், கறுப்போ சாம்பலோ.

திரும்பி வரேக்க ரெண்டு படத்த முகத்துக்கு முகம் வச்சுக் கட்டாதீங்க. அக்றிலிக் காஞ்சாலும் நம்மட சூட்டுக்கு இளகும், பஸ்ஸில வாழைச்சேனைக்கு வந்து சேர முந்தி ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பிடிச்சிரும், பிரிக்கேக்க ரெண்டு படமும் உரிஞ்சு வரும். பொலித்தீன் வச்சாலும் ஒட்டும். அந்தக் கேக் பேப்பர்ல மிச்சம் இருக்கும்தானே, அத இடையில வைங்க.